குளிப்பாட்டி விடுவதா, குளிக்கக் கற்றுத் தருவதா?

ஆட்டிசம் உள்ள எங்கள் பாப்பாவுக்கு எட்டு வயது நடந்தபோது வீட்டில் தினமும் ஒரு தகராறு. காலை ஏழேகாலுக்கு அவளைக் குளிக்க வைக்க வேண்டும், எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். என் மாமியார், "அஞ்சு நிமிஷ வேலைம்மா, நான் ஊத்தி விட்டுடறேன், நீ சோத்தைக் கட்டு" என்பார். தெரபிஸ்ட், "அவளே குளிக்கணும், நீங்க கை வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நிற்பார். எல்லாருக்கும் அவள் மேல் உயிர்தான். ஆனால் ஆளுக்கொரு வழி ஒரே காலையில் நடக்காது.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறோம். இந்த மூன்று வருடத்தில் எல்லா வழியையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் வீட்டில் இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக, எது எங்கே பலன் தந்தது, எது எங்கே கவிழ்ந்தது என்று எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளியலுக்குப் பொருந்திய வழி பல் தேய்க்கப் பொருந்தவில்லை. பல்லுக்குப் பொருந்தியது கழிவறைக்கு ஆகவில்லை. ஒரே முறையை எல்லாவற்றிலும் பிடிவாதமாக நடத்தப் பார்த்து முதல் ஒரு வருடத்தை நாங்கள் வீணாக்கினோம். உங்களுக்கு அது வேண்டாம்.

ஊற்றி விடுவது, சொல்லிக் கொடுப்பது, படம் காட்டுவது

அத்தை சொன்ன வழியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேலை சுத்தமாக முடியும். பிள்ளை அழாது. காய்ச்சல் நாளிலும், கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளிலும், இரவெல்லாம் தூங்காமல் எழுந்த காலையிலும் இன்றுவரை நாங்கள் ஊற்றித்தான் விடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தினமும் அதுவே என்றால்தான் சிக்கல். பிள்ளைக்கு உடம்பு வளர்கிறது, நமக்கு வயதாகிறது. எட்டு வயதுப் பிள்ளையைத் திருப்பி நிறுத்தி முதுகு தேய்த்துவிடலாம், பதினாறு வயதில் முடியாது. இதைவிட இன்னொன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. யார் வந்து சட்டையைக் கழற்றினாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், சாம்பார் கொட்டிய கவுனை மாற்றிவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டார். பாப்பா அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கூடத்தின் நடுவில், அத்தனை பேர் முன்னால், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வந்தவர் நல்லவர்தான். எல்லாரும் நல்லவராக இருக்க மாட்டார்களே. அதிகம் பேச்சு வராத பிள்ளைக்குத் தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ளத் தெரிவது ஒரு காவல் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கை வைக்காதீர்கள் என்றார்களே, சரி, வாயால் சொல்லத் தொடங்கினேன். "மக்கை எடு. தண்ணி மொள்ளு. தோள்ல ஊத்து. சோப்பு எடு." சில வாரங்களில் எல்லாவற்றையும் செய்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு நடுவில் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், உடம்பெல்லாம் சோப்போடு, மொண்ட தண்ணீரை மக்கில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நான் "ஊத்து" என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறாள். குளிக்க அவள் கற்கவே இல்லை. என் குரல் வந்தால் கை அசைய வேண்டும் என்று கற்றிருந்தாள்.

இப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு தூண்டுதலையும் தெரபியில் ப்ராம்ப்ட் என்கிறார்கள். கையோடு கை பிடித்துச் செய்ய வைப்பது, தொட்டுக் காட்டுவது, விரலால் சுட்டுவது, வாயால் சொல்வது என்று பல வகை. வாயால் சொல்வதுதான் இருப்பதிலேயே சின்ன உதவி என்று நமக்குத் தோன்றும். நிறுத்தும்போதுதான் அதன் கனம் தெரியும். பிடித்த கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து தோளுக்கும் நகர்த்தி ஒருநாள் எடுத்துவிடலாம். பேச்சை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது கடினம். அதனால் இந்த இரண்டில் ஒன்று என்றால் நான் கையைத்தான் சொல்வேன்: பிள்ளைக்குப் பின்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு, கையை மட்டும் வழிகாட்ட விடுங்கள்.

அடுத்தது படம். முதலில் இணையத்திலிருந்து எடுத்த கார்ட்டூன் படங்களை ஒட்டினோம். அதில் ஒரு பிள்ளை தொட்டியில் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் மஞ்சள் வாத்து மிதக்கும். பாப்பா அந்த வாத்தைத் தினமும் ரசித்தாள், அவ்வளவுதான். எங்கள் குளியலறையில் தொட்டியும் இல்லை, வாத்தும் இல்லை. அப்புறம் எங்கள் நீல வாளி, சிவப்பு மக், சோப்புப் பெட்டி, கொடியில் தொங்கும் அவள் துண்டு என்று போனில் படம் எடுத்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, கயிற்றில் கோத்து மாட்டினோம். ஒரு வேலை முடிந்தால் அந்த அட்டையைத் திருப்பிவிட வேண்டும். இது பிடித்துக்கொண்டது. பால் பொங்கினால் நான் ஓடலாம். அட்டை அங்கேயே இருக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு எழுதிய சீட்டே போதும். படமே பிடிபடாத பிள்ளைக்குப் பொருள்களையே இடமிருந்து வலமாக வரிசையாக வைத்து, பயன்படுத்தியதை ஒரு கூடையில் போடச் சொல்லலாம். இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கை வைத்துக் கற்பிப்பதை 1972-இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எரிக் ஷோப்ளர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. பெயர்தான் நமக்குப் புதிது. வேலையை அடுக்கி வைத்துச் செய்வது நம் சமையலறைப் பழக்கம்தானே.

வீடியோவும் உதவும், ஆனால் குளிக்கப் போகும் முன், கூடத்தில் வைத்துக் காட்டுங்கள். போன் குளியலறைக்குள் வந்தால் குளியல் மறந்துபோகும். இன்னொன்று, குளிக்கும் பிள்ளையைத் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். நான் சுடிதாரோடு காலி வாளி முன்னால் உட்கார்ந்து, வெறும் மக்கால் ஊற்றுவதுபோலச் செய்து எடுத்தேன். அவளுக்குப் புரிந்தது.

கடைசியாக வந்த வழிதான் எங்களை மேலே ஏற்றியது. வேலையைப் படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை மட்டும் முதலில் பிள்ளையிடம் கொடுப்பது. குளியல் முழுவதையும் நான் செய்வேன், துண்டால் வயிற்றைத் துடைப்பது மட்டும் அவள் வேலை. அது கைவந்ததும், துண்டைக் கொடியிலிருந்து எடுப்பதும் அவளுடையது. அப்புறம் கடைசி இரண்டு மக் தண்ணீர். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் நகர வேண்டும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை தன் பங்கைச் செய்த பிறகும் நீண்ட குளியல் மீதி நிற்கிறது. கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் அவள் செய்கிற வேலையோடு குளியல் முடிகிறது, வெளியே வந்தால் நாலு முந்திரி கிடைக்கிறது. பண்ருட்டி முந்திரிக்கு எங்கள் பாப்பா எதையும் செய்வாள். துண்டிலிருந்து வாளி நிரப்புவது வரை வந்து சேர எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. நடுவில் ஒரு மாதம் சோப்புப் படியிலேயே நின்றுவிட்டது. கையிலிருந்து வழுக்கும் கட்டியை விட்டுவிட்டு, சோப்பைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டிக் கொடுத்ததும் நகர்ந்தது.

தகராறு தீர்ந்தது இப்படித்தான்: காலைக் குளியல் அத்தையுடையது, சாயங்காலக் குளியல் என்னுடையது. வேன் வருகிற நேரத்தில் எந்தப் பிள்ளையும் எதையும் கற்காது. சாயங்காலம் நாலரைக்கு யாருக்கும் அவசரமில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம், அவள் ஏற்கனவே கற்றுக்கொண்ட படியை அத்தை காலையில் செய்துவிடக் கூடாது. அத்தை அதை என்னைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்.

வாளியா, ஷவரா

கற்பிக்கும் முறையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், எது உறுத்துகிறது என்று கண்டுபிடிக்காமல் எந்த முறையும் ஓடாது. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தொடுதல், சத்தம், வாசனை, சூடு எல்லாம் நமக்குப் படுகிற அளவில் படுவதில்லை. சிலருக்குப் பலமடங்கு கூடுதல், சிலருக்குக் குறைவு. ஒரே பிள்ளைக்கு ஒன்றில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும். பாப்பாவுக்கு மெல்லிய வருடல் ஆகாது, அழுத்தமான கை பிடிக்கும். ஷவர் தூறல் தோளில் விழுந்தால் ஊசி குத்தினமாதிரி துள்ளுவாள். பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். வழுவழுவென்ற ஸ்பாஞ்சுக்குக் கொடுத்த காசு வீண்.

வாளிக் குளியலை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம், வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தீர்ந்தால் குளியல் முடிந்தது. ஷவர் எப்போது நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. எப்போது முடியும் என்று தெரியாத எதையும் இவர்களில் பலரால் தாங்க முடிவதில்லை. ஷவரில் நல்லதும் உண்டு. மக்கால் தலையில் ஊற்றும்போது மொத்தமாக வந்து விழும் தண்ணீர் சில பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கும், அவர்களுக்குச் சீரான ஷவர் இதம். இரண்டு கையும் சும்மா இருப்பதால் தேய்ப்பதும் எளிது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தோழியின் மகன் அந்த வகை. ஷவர் தவிர எதுவும் கூடாது அவனுக்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அப்போது கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, ஷவரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று நாள் அவன் குளிக்கவும் இல்லை, அதை நினைத்து அழுவதை நிறுத்தவும் இல்லை. இதற்குப் பிறகு என் தோழி வாரத்தில் ஒருநாளை "வாளி நாள்" என்று காலண்டரில் குறித்துப் பழக்கிவருகிறாள். கடலோரத்தில் வருடா வருடம் புயல் பார்க்கிற நமக்கு இது நல்ல ஏற்பாடு.

சூட்டையும் கவனியுங்கள். மே மாதம் மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீர் காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று. நேற்று இதமாக இருந்த குழாய் இன்று சுட்டால், பிள்ளை குளியலையே நம்ப மறுக்கும். பிடித்துவைத்து ஆறிய வாளித் தண்ணீருக்கு அந்தக் குழப்பம் இல்லை. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. சோப்பு சரியாக அலசிப் போகாமல் பாப்பாவுக்கு அரிப்பு எடுக்கும், அதை நாங்கள் பல நாள் "குளிக்க அடம்" என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சோப்பைக் குறைத்துப் பயத்தமாவுக்கு மாறிய பிறகு பாதி அடம் காணாமல் போயிற்று.

தலைக்குக் குளிப்பது தனிக் கதை. மூன்று வயதில் குலதெய்வக் கோயிலில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மொட்டை போட்டதிலிருந்து தலையைத் தொட விட மாட்டாள். இங்கே அத்தைதான் வழி கண்டார். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, உள்ளங்கையால் உச்சியில் அழுத்தி, அன்றைக்குத் தலைக்கு ஊற்றாமலே விட்டார். நாலைந்து வாரம் எண்ணெய் மட்டும். எண்ணெய் பிடித்துப்போன பிறகுதான் சீயக்காய், அதுவும் கண்ணில் இறங்காதபடி மடித்த துண்டைக் கண் மேல் அவளே பிடித்துக்கொள்ள. பயத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் முதலில் தீர்க்கும் இந்த அறிவை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

பல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை

குளியலில் கொஞ்சம் அழுக்கு மீந்தால் நாளைக்குப் போகும். பல்லில் மீந்தால் சொத்தை, அப்புறம் நாற்காலி, ஊசி, டிரில் சத்தம். அதனால் பல் தேய்ப்பதில் கற்பிப்பதையும் சுத்தத்தையும் நான் பிரித்துவிட்டேன். காலையில் அவளே தேய்ப்பாள், எப்படித் தேய்த்தாலும் சரி. இரவில் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, பின்னால் நின்று, தலையை என் மேல் சாய்த்துக்கொண்டு நான் தேய்ப்பேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து எண்ணுவேன். பத்து வந்தால் பிரஷ் வெளியே வரும், இந்த வாக்கை ஒருநாளும் மீறியதில்லை.

கையையும் காலையும் பிடித்துக்கொண்டு தேய்ப்பது என்று ஒரு வழி இருக்கிறது. ஆரம்பத்தில் நாங்களும் செய்தோம். பல் சுத்தமானது, ஆனால் பிரஷைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அந்தப் பயத்தைக் கரைக்க எடுத்த மாதங்களை நினைத்தால், அது எங்களுக்கு எந்த நேரத்தையும் மிச்சப்படுத்தவில்லை.

பிரஷில் பல வகை கிடைக்கிறது. மூன்று பக்கமும் தூவி உள்ள பிரஷ் ஒரே இழுப்பில் பல்லின் உள்ளே, வெளியே, மேலே மூன்றையும் தேய்த்துவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் வாயைத் திறக்காத பிள்ளைக்கு அதுதான் முதல் தேர்வு என்பேன். எலக்ட்ரிக் பிரஷின் அதிர்வு சில பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், சிலருக்கு அதன் சத்தமே ஆகாது. கடையில் வாங்கும் முன் தெரிந்தவர் பிரஷை ஆன் செய்து பிள்ளையின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பேஸ்ட்டை "காரம்" என்று துப்புகிற பிள்ளை பொய் சொல்லவில்லை, புதினா எரிகிறது. நுரையும் சிலருக்கு மூச்சு முட்டுகிறமாதிரி இருக்கும். சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பேஸ்ட் அதிகம் நுரைக்காது. எதை வாங்கினாலும் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள், மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு போதும். பல்பொடி பழக்கமுள்ள வீடுகளில் அதன் டப்பாவிலும் இதையே பார்க்க வேண்டும். எந்தப் பேஸ்ட்டும் ஒத்துவராத நாளில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷாவது போகட்டும்.

வலி வந்த பிறகு பல் டாக்டரிடம் முதல்முறை போகாதீர்கள். வலி இல்லாத நாளில் போய், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பி வாருங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி கோரிமேட்டிலும் சிதம்பரத்திலும் கல்லூரிகள் உண்டு.

நகம் பற்றிச் சுருக்கமாக. தூங்கும்போது வெட்டுவதா, விழித்திருக்கும்போதா என்று கேட்பார்கள். தூக்கத்தில் வெட்டுவது எளிதுதான், ஆனால் ஒருநாள் பாதியில் விழித்துக்கொண்டால் தூங்கவே பயப்படும். குளித்தவுடன் நகம் ஊறியிருக்கும்போது, ஒரு நாளைக்கு இரண்டே விரல் என்று வெட்டுங்கள்.

கழிவறை

இங்கே படமும் கடைசிப் படியும் மட்டும் போதவில்லை, கடிகாரம் தேவைப்பட்டது. வயிறு முட்டுவது நமக்குத் தெரிவதுபோலச் சில பிள்ளைகளுக்கு உள்ளிருந்து தெரிவதில்லை. தெரியும் வரை காத்திருந்தால் உடையிலேயே போய்விடும், அதற்குத் திட்டினால் அடக்கிவைப்பார்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும், அதனால் காலைச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் உட்கார வைப்பது பலன் தரும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மலச்சிக்கல் இருக்கும், பிடித்த இரண்டு மூன்று உணவையே சாப்பிடுவது ஒரு காரணம். போக மறுக்கிற பிள்ளைக்கு முதலில் அதை டாக்டரிடம் பாருங்கள். வலிக்கிற இடத்தில் எந்தப் பயிற்சியும் ஏறாது.

இந்தியன் டாய்லெட்டா, வெஸ்டர்னா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மலம் எளிதாக இறங்கும், ஆனால் உடல் சமநிலை சரியாக இல்லாத பிள்ளை விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே இறுகிப்போகும். அவர்களுக்கு வெஸ்டர்ன், காலுக்கடியில் ஒரு முக்காலி. பள்ளியில் எது இருக்கிறதோ அதையும் பழக்கத்தான் வேண்டும். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்தால், பிள்ளை வெளியே வந்த பிறகு நீங்கள் இழுங்கள். கதவருகே நின்று அவளே இழுக்கும் நாள் பிறகு வரும்.

கழுவிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. வலது கையால் ஊற்றி இடது கையால் கழுவ, இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டும். கையில் பிடித்துப் பீய்ச்சும் ஹெல்த் ஃபாசெட் குறிபார்க்க எளிது, ஆனால் அழுத்தம் அதிகமானால் துள்ளிவிடுவாள். குழாயைப் பாதி மட்டும் திறந்துவைத்தோம். பயிற்சிக்கு நான் செய்தது இது: குளியல் நேரத்தில் அவள் தொடையில் கொஞ்சம் மஞ்சளை அரைத்துத் தடவி, வழவழப்பு போகும்வரை கழுவச் சொன்னேன். கண்ணால் பார்த்துக் கழுவினாள். அப்புறம் தொடையின் பின்பக்கம், பார்க்க முடியாத இடத்தில். விரலிலேயே சுத்தம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் உண்மையான இடத்துக்கு வந்தோம்.

வயதுக்கு வரும் முன்

பதினொரு வயது என்பதால் இப்போது எங்கள் வீட்டுப் பேச்சு இதுதான். தேர்வுகளில் ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். "கர்ப்பப்பையை எடுத்துட்டா ஒரு தொல்லையும் இல்ல" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு, அக்கறையோடுதான் சொன்னார்கள். 1994-இல் புனேயில், அரசு விடுதியில் இருந்த அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்களுக்கு இப்படிச் செய்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, புரிந்து தரும் சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. ஆட்டிசம் அந்தச் சட்டத்தில் சேர்ந்ததுதான். வலியோ அதிகப் போக்கோ இருந்தால் மகளிர் மருத்துவரிடம் மருந்து இருக்கிறது. மாதத்தில் நாலைந்து நாள் நமக்கு வேலை கூடும் என்பதற்காக ஒரு பிள்ளையின் வயிற்றைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது.

நாப்கினா, பீரியட் பேண்டியா என்று பார்த்தால், உறிஞ்சும் துணி வைத்துத் தைத்த பேண்டி ஜட்டிபோலவே இருப்பதால் புதிதாக ஒட்டவோ உரிக்கவோ வேண்டாம். ஆனால் விலை கூடுதல், துவைப்பது நம் வேலையாகிவிடும், பள்ளியில் மாற்றுவதென்றால் முழுக்கக் கழற்ற வேண்டும். நாப்கின் எங்கும் கிடைக்கும், பிள்ளையே மாற்றக் கற்கலாம், ஆனால் உறுத்தும், சரசரக்கும். நாங்கள் நாப்கினைப் பள்ளிக்கும் பேண்டியை இரவுக்கும் என்று வைத்திருக்கிறோம். ஜட்டியின் உட்பக்கம் மார்க்கர் பேனாவால் நாப்கினின் வடிவத்தை வரைந்துவிட்டேன், அந்தக் கோட்டுக்குள் அவள் ஒட்டுகிறாள். சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் கட்டிப் பார்க்கிறாள். பீட்ரூட் சாறு தெளித்த நாப்கினைக் காட்டி, இது வந்தால் புதிது மாற்ற வேண்டும், இது அடிபட்ட ரத்தமில்லை என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நனைந்தால் மாற்ற வேண்டும் என்பது அவளுக்குப் புரியாது, அதனால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பதைப் பள்ளி மணியோடு சேர்த்துவிட்டோம்: இன்டர்வெல், சாப்பாட்டு நேரம், வீட்டுக்கு வந்ததும். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கும் படம் உண்டு. அம்மா, ஆயா, வகுப்பு டீச்சர். அதில் நாலாவது படம் இல்லை.

மஞ்சள் நீராட்டு விழா பற்றி அத்தைக்கும் எனக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது. தாய்மாமன் சீர், மைக் செட், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, ஆளாளுக்குக் கன்னத்தைத் தொடுவது: பாப்பாவுக்கு ஆகாத அத்தனையும் ஒரே நாளில். வீட்டுக்குள், ஐந்தாறு பேரோடு, அவளுக்குப் பழகிய பருத்திப் பாவாடையில் என்றால் எனக்குச் சம்மதம். என் அண்ணன், "சீரைத் தட்டுல கொண்டாந்து வெச்சுட்டு நான் ஓரமா நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

உதவிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: வாரம் இரண்டு முறை தெரபி சென்டருக்கு அனுப்பினால் குளியல் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பாப்பா சென்டரில் அழகாகக் கை கழுவுவாள், அங்கே அழுத்துகிற குழாய். வீட்டில் திருகுகிற குழாய், அதன் முன்னால் ஒன்றும் தெரியாததுபோல் நிற்பாள். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இவர்களுக்குத் தனி வேலை. மாதம் ஒருமுறை, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்த்துத் திட்டம் வாங்கிக்கொண்டு, நம் வீட்டுக் குழாயில் நாமே செய்வது மேல். அவர் ஒருமுறை நம் குளியலறையை வந்து பார்க்கச் சம்மதித்தால் இன்னும் மேல், வர முடியாதென்றால் குளியலறையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகும் பாதையில் முட்டுக்காட்டில், 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மிச்சமிருக்கும் முடிவு தாழ்ப்பாள். போன மாதத்திலிருந்து குளிக்கப் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள், நாங்கள் சொல்லவே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போடக் கற்றுத் தந்தால், வழுக்கி விழுந்தால் யார் திறப்பது என்று அத்தை பயப்படுகிறார். தாழ்ப்பாளே வேண்டாமென்றால், யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அவள் கற்றுக்கொள்வாளே என்று நான் பயப்படுகிறேன். வெளியிலிருந்து நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கிற பூட்டு ஒன்று ஹார்டுவேர் கடையில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.